நேற்று இ, இன்று ஜி: டிஸ்க் பெயர் மாறி நின்றால் என்ன செய்வது

சென்னையில் முகவரி தேடி அலைந்தவர்களுக்கு இது பழகிய தொல்லை. கதவில் ‘பழைய எண் 14, புதிய எண் 27’ என்று இரண்டு எண்கள் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் பழைய எண்ணைச் சொல்வார், கூரியர் கொண்டுவருபவர் புதிய எண்ணைத் தேடுவார், பார்சல் யார் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்திருக்கும். டிஸ்க் விஷயமும் இதேதான். ஒரே பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதியை, விண்டோஸ் ‘டி:’ என்கிறது, லினக்ஸ் ‘எஸ்டிஏ2’ என்கிறது, மேக் ‘டிஸ்க்0எஸ்2’ என்கிறது, லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் ‘எச்டி0,ஜிபிடி2’ என்கிறது. இந்தப் பெயர் எதுவும் டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டதில்லை. சிஸ்டம் தன் வசதிக்குத் தந்த வாசல் எண், அவ்வளவுதான். பத்திரத்தில் உள்ள சர்வே எண் மாதிரி, பார்ட்டிஷனுக்குள்ளேயே பதிந்த அடையாளம் வேறு உண்டு. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, அந்த அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் வாசல் எண்ணை எழுதி வைத்ததால் வந்தவை.

கட்டளைகளை ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்; பெரிய எழுத்து தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் நேற்று இ:, இன்று ஜி:. பேக்கப் ஓடவில்லை

கடைகளில் அதிகம் வரும் புகார் இது. தி.நகர் துணிக்கடையோ மயிலாப்பூர் மருந்துக்கடையோ, பில்லிங் மென்பொருளில் ‘இ: டிரைவில் பேக்கப் எடு’ என்று ஒருமுறை அமைத்துவிட்டு மறந்திருப்பார்கள். ஒருநாள் யாரோ ஒரு பென் டிரைவைச் செருகியிருப்பார்கள், அதற்கு இ: போயிருக்கும். அதன்பின் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகினால் அதற்கு அடுத்த காலி எழுத்துதான் கிடைக்கும்.

விண்டோஸ் எழுத்தை மறப்பதில்லை. ரெஜிஸ்ட்ரியில் ‘மவுண்டட் டிவைசஸ்’ என்ற கிளையில் எந்தப் பார்ட்டிஷனுக்கு எந்த எழுத்து என்று குறித்து வைத்திருக்கிறது. டிஸ்க்கில் பார்ட்டிஷன் அட்டவணை எழுத இரண்டு முறைகள், பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. எம்பிஆர் டிஸ்க் என்றால் அந்தக் குறிப்பு வெறும் 12 பைட்: டிஸ்க்கின் கையொப்பம் 4 பைட், பார்ட்டிஷன் தொடங்கும் இடம் 8 பைட். ஜிபிடி டிஸ்க் என்றால் பார்ட்டிஷனின் ஜியுஐடி, அதாவது அதற்கென்றே உள்ள நீள எண். செருகும்போது அந்த எழுத்து காலியாக இருந்தால் திரும்பக் கிடைக்கும். வேறொன்று உட்கார்ந்திருந்தால் கிடைக்காது. பென் டிரைவ் கதை கொஞ்சம் வேறு. அதை விண்டோஸ் தயாரிப்பாளர் பெயர், மாடல், சீரியல் எண் கொண்டு அடையாளம் காண்கிறது. மலிவான சில பென் டிரைவ்களில் ஒழுங்கான சீரியல் எண் இருக்காது. அவற்றை வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் புது ஆள் வந்ததாகவே விண்டோஸ் நினைக்கும்.

தீர்வு எளிது. விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் அழுத்தி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். உங்கள் பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக், ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, பிறகு ‘சேஞ்ச்’. எழுத்தை டி, இ வரிசையிலிருந்து எடுக்காதீர்கள். விண்டோஸ் அகரவரிசையில் முன்னாலிருந்து காலி எழுத்துகளைக் கொடுத்துக்கொண்டு வரும், ஆகவே யூ:, வி:, டபிள்யூ: பக்கம் போனால் (ஆங்கில வரிசையில் எஸ்-க்குப் பிந்தைய எழுத்துகள்) யாரும் வந்து முட்ட மாட்டார்கள். பேக்கப் அமைப்பிலும் அதே எழுத்தை மாற்றுங்கள். இதை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் மாற்றியவர்கள் மறுநாளே திரும்ப வருவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. சி:-யின் எழுத்தை மாற்ற முயலாதீர்கள். புரோகிராம்கள் நிறுவப்பட்ட டி:-யையும் மாற்றாதீர்கள். ஷார்ட்கட், சர்வீஸ், ரெஜிஸ்ட்ரி எல்லாம் பழைய பாதையையே தேடும். எழுத்தே வேண்டாம் என்றால் அதே பெட்டியில் ‘மவுண்ட் இன் த ஃபாலோயிங் எம்ப்டி என்டிஎஃப்எஸ் ஃபோல்டர்’ இருக்கிறது. ‘சி:\பேக்கப்’ என்ற காலி ஃபோல்டரில் டிஸ்க்கை மாட்டலாம். வருடக்கணக்கில் ஓட வேண்டிய கணினிக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

எப்போதோ செருகிய டிஸ்க்குகளின் பழைய குறிப்புகளைத் துடைக்க, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் ‘மவுண்ட்வால் /ஆர்’.

டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கிறது, ‘திஸ் பிசி’யில் காணோம்

முதலில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து கீழ்ப்பாதியைப் பாருங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வழி சொல்லும்.

‘ஹெல்த்தி’ என்று இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால் மேலே சொன்ன பெட்டியில் ‘ஆட்’ அழுத்தி ஓர் எழுத்து கொடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படிக் கையால் கொடுக்க வேண்டியிருந்தால் தானியங்கி மவுண்ட் (செருகியதும் டிஸ்க்கைத் தானே மாட்டிக்கொள்வது) நிறுத்தப்பட்டிருக்கிறது. ‘மவுண்ட்வால் /இ’ தட்டினால் திரும்ப வரும். அலுவலகக் கணினி என்றால் இன்னொன்றும் பாருங்கள்: நெட்வொர்க் டிரைவ் ஒன்று அந்த எழுத்தைப் பிடித்திருக்கலாம். நெட்வொர்க் டிரைவ் பயனர் லாகின் ஆனபின் வருவது, எழுத்து கொடுக்கும் பகுதிக்கு அது தெரியாமலே போகும். ஒரே எழுத்தில் இருவர் நின்றால் ஒருவர் மறைந்துவிடுவார். ‘நெட் யூஸ்’ என்று தட்டினால் யார் எங்கே என்று தெரியும்.

‘ஆஃப்லைன்’ என்று சிவப்புக் குறி, மேலே மவுஸ் வைத்தால் ‘சிக்னேச்சர் கொலிஷன்’ என்று வருகிறது. இது குளோன் செய்த டிஸ்க். மூலத்துக்கும் நகலுக்கும் ஒரே கையொப்பம், ஒரே பெயரில் இருவர். விண்டோஸ் ஒருவரை வெளியே நிறுத்திவிட்டது. இங்கே அவசரப்பட்டு ‘ஆன்லைன்’ அழுத்துவதுதான் பெரிய தவறு. அழுத்தியவுடன் விண்டோஸ் நகலுக்குப் புதுக் கையொப்பம் எழுதிவிடும். பூட் மெனு பழைய கையொப்பத்தைக் கொண்டுதான் தன் டிஸ்க்கைத் தேடும் என்பதால், எம்பிஆர் டிஸ்க் என்றால் அந்த நகலிலிருந்து பின்னால் பூட் ஆகாமல் போகலாம். ஆக முதலில் முடிவு செய்யுங்கள்: நகல் எதற்கு? பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாகப் போடும் எஸ்எஸ்டி என்றால், கணினியை அணைத்து, பழையதைக் கழற்றி, எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி ஒருமுறை பூட் செய்யுங்கள். வெறும் தரவு எடுக்க என்றால் ஆன்லைன் கொடுக்கலாம்:

1. டிஸ்க்பார்ட்
2. லிஸ்ட் டிஸ்க் (அளவைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை 0-இல் தொடங்கும்)
3. செலக்ட் டிஸ்க் 1
4. யுனிக்ஐடி டிஸ்க் (இப்போதைய கையொப்பத்தைக் காட்டும்; தாளில் எழுதி வையுங்கள்)
5. ஆன்லைன் டிஸ்க்

தாளில் எழுதிய அந்த எட்டு எழுத்து இருந்தால், மனம் மாறி அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும் என்னும்போது திரும்ப எழுதிவிடலாம்.

‘ரா’ என்றோ ‘அன்அலொகேட்டட்’ என்றோ காட்டுகிறது, அல்லது ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று பெட்டி வருகிறது: ‘கேன்சல்’. அதைத் தவிர எதையும் அழுத்தாதீர்கள். ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ பெட்டிக்கும் அதே பதில்தான். விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து எல்லாம் அதற்கு வெற்றுத்தாள். மேக்கில் ஃபார்மட் ஆனது, லினக்ஸின் இஎக்ஸ்டி4, சிசிடிவி ரெக்கார்டரிலிருந்து கழற்றியது என எல்லாமே இப்படித்தான் தெரியும். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். நீங்கள் ஓகே அழுத்தும் வரை.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் யூஎஸ்பி கேசிங்குகளில் சில, 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை 512 பைட் செக்டருக்கு (டிஸ்க்கில் எண்ணிடப்படும் மிகச் சிறிய துண்டு) பதில் 4096 பைட் செக்டராகக் கணினிக்குக் காட்டும். அந்த கேசிங்கில் பார்ட்டிஷன் பிரித்த டிஸ்க்கைக் கழற்றி நேரே சாட்டா கேபிளில் மாட்டினால், பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள எண்கள் எட்டில் ஒரு பங்கு இடத்தைக் காட்டும், கணக்கு இடிக்கும், டிஸ்க் வெறுமையாகத் தெரியும். பழைய கேசிங்கிலேயே திரும்பப் போட்டுப் பாருங்கள். கேசிங் கெட்டுப்போயிருந்தால் அதே மாடல் இன்னொன்று தேடி வாங்குவது, டேட்டா ரெக்கவரிக்குப் போவதைவிட மலிவு.

ரிப்பேர் திரையில் சி: காலி! விண்டோஸ் அழிந்துவிட்டதா?

அழியவில்லை. ரிப்பேர் திரை என்பது தனி குட்டி விண்டோஸ். அது தன்னை எக்ஸ்: என்று மெமரியில் ஏற்றிக்கொண்டு, மற்ற பார்ட்டிஷன்களுக்குத் தன் இஷ்டப்படி எழுத்து கொடுக்கிறது. உங்கள் ரெஜிஸ்ட்ரிக் குறிப்பு அதற்குத் தெரியாது. அதனால் ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ சி: ஆகவும், உங்கள் விண்டோஸ் டி: ஆகவும் வரலாம். இது தெரியாமல் சி:-யில், டிஸ்க்கில் பிழை தேடும் ‘செக்டிஸ்க்’ ஓட்டிவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் பலர்.

‘டிஸ்க்பார்ட்’, ‘லிஸ்ட் வால்யூம்’ என்று தட்டி அளவைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் ஜிபி இருக்கும் என்டிஎஃப்எஸ்தான் உங்களுடையது. ‘எக்சிட்’ செய்து ‘டிர் டி:\’ தட்டினால் ‘விண்டோஸ்’, ‘யூசர்ஸ்’ ஃபோல்டர்கள் தெரிய வேண்டும். பூட் கோப்புகளைத் திரும்ப எழுத வேண்டுமானால் எஃப்ஏடி32 வகையில் சில நூறு எம்பி மட்டும் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கும் ஓர் எழுத்து வேண்டும். டிஸ்க்பார்ட்டில் ‘செலக்ட் வால்யூம்’ என்று அதன் எண்ணைக் கொடுத்து, ‘அசைன் லெட்டர்=எஸ்’. வெளியே வந்து:

பிசிடிபூட் டி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் ஆனதும் சி: மறுபடி சி:-யாகவே இருக்கும்.

லினக்ஸ் பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் நின்று, ‘எமர்ஜென்சி மோட்’ என்கிறது

திரையில் ‘எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று சிவப்பு நட்சத்திரக் குறிகள் ஓடி, 1 நிமிடம் 30 விநாடி எண்ணி முடித்துக் கறுப்புத் திரையில் விட்டுவிடும். அந்த 90 விநாடி, லினக்ஸின் தொடக்க வேலைகளைப் பார்க்கும் சிஸ்டம்டி ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம். அது எதிர்பார்த்த பெயரில் யாரும் வரவில்லை.

லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) கண்டுபிடித்த வரிசை மட்டுமே. பழைய ஐடிஇ நாட்களில் எச்டிஏ, எச்டிசி என்ற பெயர்கள் கேபிளில் மாட்டிய இடத்தைப் பொறுத்தவை, இடம் மாறாவிட்டால் பெயரும் மாறாது. இன்றைய சாட்டா, யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் கணினியும் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் உயிர் பெறும். எது முதலில் சுற்றித் தயாராகிறதோ அது எஸ்டிபி, பிந்தியது எஸ்டிசி. ஆறு மாதம் ஒரே வரிசையில் வந்துகொண்டிருந்தது ஏழாவது மாதம் மாறும். ஒன்றின் அடாப்டர் தளர்ந்தாலே போதும்.

எமர்ஜென்சி மோடில் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும். ரூட் கணக்கு பூட்டியிருந்தால் சில லினக்ஸ் வகைகளில் உள்ளேயே விடாது. அப்போது லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, உங்கள் ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் நிறுவியிருப்பது) மவுண்ட் செய்து, கீழே வரும் எஃப்எஸ்டேப் கோப்பை அங்கே திருத்துங்கள். உள்ளே விட்டால்:

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /

இதைச் செய்யாவிட்டால் திருத்தியதைச் சேமிக்க முடியாமல் போகலாம். பிறகு ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ தட்டுங்கள் (லிஸ்ட் பிளாக் என்பதன் சுருக்கம்). ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் எதிரே வகை, லேபிள், யூயூஐடி (பார்ட்டிஷனுக்குள் பதிந்த அடையாள எண்) வரும். யூயூஐடியின் தோற்றத்திலேயே ஆளைப் பிடிக்கலாம். இஎக்ஸ்டி4 என்றால் நான்கு கோடுகளோடு 36 எழுத்து. என்டிஎஃப்எஸ் என்றால் கோடில்லாத 16 எழுத்து. எஃப்ஏடி32 என்றால் நடுவில் ஒரே கோடு, இரு பக்கமும் நான்கு நான்கு.

எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்ற பட்டியல் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கும். ‘நானோ /இடிசி/எஃப்எஸ்டேப்’ திறந்தால் தவறு கண்ணில் படும். இப்படி ஒரு வரி இருக்கும்:

/டெவ்/எஸ்டிபி1 /டேட்டா இஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ் 0 2

அதை இப்படி ஆக்குங்கள் (யூயூஐடி என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்தில்):

யூயூஐடி=அந்த 36 எழுத்து /டேட்டா இஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10 0 2

காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடக்கூடாது. விட்டால் அடுத்த சொல்லை வேறு கட்டமாக எடுத்துக்கொண்டு புதுப் பிழை கிளம்பும். ‘நோஃபெயில்’ இருப்பதால் டிஸ்க் வராவிட்டாலும் பூட் நடக்கும். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு: டிஸ்க் மவுண்ட் ஆகாமல் பேக்கப் ஓடினால் /டேட்டா என்ற காலி ஃபோல்டரில், அதாவது ரூட் பார்ட்டிஷனில், எல்லாம் கொட்டி நிரம்பும். பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘மவுண்ட்பாயின்ட் /டேட்டா’ என்று சோதித்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள்.

சேமித்ததும் நேரே ரீபூட் செய்யாதீர்கள். ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையை ‘--வெரிஃபை’ சேர்த்து ஓட்டினால் (கட்டளையின் பின்பாதியை எம்-என்-டி என்று சுருக்கித் தட்ட வேண்டும்) கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் இங்கேயே சொல்லிவிடும். அடுத்து ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு’, ‘மவுண்ட் -ஏ’. இரண்டும் சத்தமில்லாமல் முடிந்தால் ரீபூட்.

யூயூஐடி சாசுவதம் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபார்மட் செய்தால் புது யூயூஐடி பிறக்கும். மெமரி போதாதபோது பயன்படும் ஸ்வாப் பார்ட்டிஷனை மறுபடி உருவாக்கியவர்கள் ‘பூட் மட்டும் முப்பது விநாடி இழுக்கிறது’ என்பது இதனால்தான். பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பழைய எண் தங்கிவிட்டது. டெபியன், உபுண்டுவில் /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்பைத் திருத்தி ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்டுங்கள். குளோன் செய்தால் நேர் எதிர்க் கோளாறு: இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே யூயூஐடி. எக்ஸ்எஃப்எஸ் வகை இரண்டாவதை மவுண்ட் செய்யவே மறுக்கும். இஎக்ஸ்டி4 மறுக்காது, அதுதான் ஆபத்து. எது மவுண்ட் ஆனது என்றே தெரியாது. நகலை மவுண்ட் செய்யாத நிலையில் வைத்து ‘டியூன்2எஃப்எஸ் -யூ ரேண்டம்’ கொடுத்து (இங்கே யூ பெரிய எழுத்து) அதன் பெயரையும் சேர்த்தால் புது எண் எழுதும்.

வயரை இழுத்து மறுபடி செருகினேன். எஸ்டிபி போய் எஸ்டிசி ஆகிவிட்டது

‘அன்மவுண்ட்’ செய்யாமல் பிடுங்கியதன் விளைவு. பழைய மவுண்ட் இன்னும் எஸ்டிபியைப் பிடித்திருக்கிறது, ஆகவே திரும்பி வந்தவருக்கு அடுத்த எழுத்து. ‘யூமவுண்ட் -எல்’ கொடுத்துப் பழைய இடத்தை விடுவித்து (கட்டளையில் அன் என்பதில் என் கிடையாது, யூ மட்டும்), டிஸ்க்கைக் கழற்றிச் செருகுங்கள். தானாகவே அடிக்கடி இப்படி ஆனால் பெயரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘டிமெசேஜ்’ பதிவில் (டி-எம்-இ-எஸ்-ஜி) யூஎஸ்பி துண்டிப்பு வரிகள் இருக்கும். கேபிள் அல்லது மின்சாரம் போதாமை. 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கைக் கணினியின் முன்பக்கத் துளையில், நீட்டிப்பு வயரோடு மாட்டியிருந்தால் முதலில் பின்பக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

புது லேப்டாப்பில் எஸ்டிஏ என்று எதுவுமே இல்லை

என்விஎம்இ எஸ்எஸ்டி. அதன் பெயர் என்விஎம்இ0என்1பி2 என்று போகும்: கன்ட்ரோலர் 0, நேம்ஸ்பேஸ் 1, பார்ட்டிஷன் 2. முதல் எண் பூச்சியத்தில் தொடங்கும், மற்ற இரண்டும் ஒன்றில். டிஸ்க் பெயரே எண்ணில் முடிந்தால் நடுவில் ‘பி’ வரும் என்பதுதான் விதி. எஸ்டி கார்டுக்கும் அப்படித்தான், எம்எம்சிபிஎல்கே0பி1. பழைய ஸ்கிரிப்ட்கள் டிஸ்க் பெயரோடு நேரே 1 சேர்த்து எஸ்டிஏ1 என்று செய்திருக்கும். அது என்விஎம்இயில் ‘என்விஎம்இ0என்11’ ஆகி, இல்லாத ஆளைத் தேடும். விர்ச்சுவல் மெஷினில் விடிஏ என்று வந்தால் பதற வேண்டாம், அது விர்ட்ஐஓ டிஸ்க்.

எஸ்டிஏ1, எஸ்டிஏ2, அடுத்தது எஸ்டிஏ5. 3, 4 எங்கே? எதுவும் தொலையவில்லை. எம்பிஆரில் முதல் நான்கு எண்கள் பிரைமரி, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன்களுக்கு ஒதுக்கியவை. லாஜிக்கல் எப்போதும் 5-இல்தான் தொடங்கும்.

‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் வந்து நிற்கிறது

விண்டோஸ் பக்கமிருந்து ஒரு பார்ட்டிஷனை அழித்திருப்பீர்கள். எம்பிஆரில் எஸ்டிஏ5-ஐ அழித்தால் எஸ்டிஏ6 நகர்ந்து 5 ஆகிவிடும். 6-இல் தன் கோப்புகள் இருப்பதாக கிரப் நினைத்துக்கொண்டிருக்கும். ஜிபிடியில் எண்கள் இப்படி நகராது, ஆனால் லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனையே அழித்திருந்தால் கதை வேறு.

‘எல்எஸ்’ தட்டினால் (எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்1) என்ற மாதிரி வரிசை வரும். டிஸ்க் எண் 0-இலிருந்து, பார்ட்டிஷன் எண் 1-இலிருந்து. பழைய கிரப்பில் இரண்டுமே 0-இலிருந்து என்பதால், பழைய குறிப்புகளைப் பார்த்துத் தட்டினால் ஒன்று தள்ளிப் போய் நிற்பீர்கள். ஒவ்வொன்றாக ‘எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/’ என்று கேளுங்கள். ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ என்றால் பெரும்பாலும் விண்டோஸுடையது, அடுத்ததற்குப் போங்கள். ‘பூட்’, ‘இடிசி’, ‘ஹோம்’ தெரிந்தால் அதுதான்:

1. செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)
2. செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்
3. இன்ஸ்மாட் நார்மல்
4. நார்மல்

ஃபெடோரா என்றால் இரண்டாவது வரியின் முடிவில் கிரப்2. /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் பாதையில் ‘பூட்’ வராது. மெனு வந்ததும் பாதி வேலைதான் முடிந்தது. உள்ளே போய் ‘கிரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டாவிட்டால் அடுத்த பூட்டில் இதே திரைதான். பயாஸ் முறைக் கணினியில் கிரப்-இன்ஸ்டாலுக்கு முழு டிஸ்க்கைக் கொடுங்கள், /டெவ்/எஸ்டிஏ. எஸ்டிஏ5 என்று பார்ட்டிஷனைக் கொடுப்பது வழக்கமான தவறு.

ஐஎஸ்ஓ எழுதப் போகிறேன். எது பென் டிரைவ்?

ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கின் நகலாக வரும் கோப்பு. இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் தப்பித்தார்கள். பெயரை நினைவிலிருந்து எழுதியவர்கள்தான் ஹார்ட் டிஸ்க்கை இழந்தவர்கள்.

லினக்ஸில் ‘எல்எஸ்பிஎல்கே -ஓ’ கொடுத்து நேம்,சைஸ்,மாடல்,சீரியல்,ட்ரான் என்று கேளுங்கள். கடைசிப் பத்தியில் யூஎஸ்பி என்று இருப்பவை மட்டுமே வேட்பாளர்கள். பென் டிரைவைக் கழற்றி மறுபடி ஓட்டுங்கள். காணாமல் போனது எதுவோ அதுதான். செருகி இன்னொருமுறை பாருங்கள், ஏனென்றால் வேறு எழுத்தில் வரலாம். அளவை வைத்துப் பார்க்கும்போது பெட்டியில் போட்டிருப்பதைத் தேடாதீர்கள். தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி 1000-இன் பெருக்கம், விண்டோஸுக்கும் எல்எஸ்பிஎல்கேக்கும் 1024-இன் பெருக்கம். 1 டிபி என்பது 931 ஆகவும், 500 ஜிபி 465 ஆகவும், 32 ஜிபி பென் டிரைவ் 30-க்குச் சற்றுக் கீழேயும் தெரியும். மேக் மட்டும் 2009-இல் வந்த 10.6 பதிப்பிலிருந்து பெட்டிக் கணக்கையே காட்டுகிறது.

எழுதும் கட்டளையில் /டெவ்/எஸ்டிபி என்பதற்குப் பதில் /டெவ்/டிஸ்க்/பை-ஐடி ஃபோல்டரில் இருக்கும் நீளப் பெயரைக் கொடுங்கள். மாடலும் சீரியலும் அதிலேயே எழுதியிருக்கும். தட்ட நேரமாகும், டேப் பொத்தான் பாதியை நிரப்பிவிடும். தவறான டிஸ்க்கில் எழுத வாய்ப்பு அறவே குறைகிறது.

மேக்: ‘ரிசோர்ஸ் பிஸி’, டிஸ்க் எண் குழப்பம், ‘பேக்கப் 1’

‘டிஸ்க்யூட்டில் லிஸ்ட்’ தட்டியதும் நான்கைந்து டிஸ்க் வரிசையாக வந்தால் உள்ளே அத்தனை டிஸ்க் இருப்பதாக எண்ண வேண்டாம். ‘பிசிக்கல்’ என்று அடைப்புக்குள் இருப்பவைதான் நிஜ டிஸ்க். ‘சிந்தசைஸ்டு’ என்பவை ஏபிஎஃப்எஸ் (ஆப்பிளின் ஃபைல்சிஸ்டம்) கன்டெய்னருக்குள் மேக் தானே உருவாக்கிக் காட்டும் நிழல். டிஸ்க்0எஸ்2 என்பதில் எஸ் என்றால் ஸ்லைஸ்.

டிஸ்க்கில் நேரே எழுதும் ‘டிடி’ கட்டளை ‘ரிசோர்ஸ் பிஸி’ என்று மறுத்தால் டிஸ்க் இன்னும் மவுண்ட் ஆகி இருக்கிறது. ஃபைண்டரில் எஜெக்ட் அழுத்தாதீர்கள், டிஸ்க்கே போய்விடும். ‘டிஸ்க்யூட்டில் அன்மவுண்ட்டிஸ்க் /டெவ்/டிஸ்க்4’ என்று கொடுங்கள் (டிஸ்க் என்பதன் டி பெரிய எழுத்து). பார்ட்டிஷன்கள் எல்லாம் இறங்கும், டிஸ்க் நிற்கும். ‘டிடி’ கட்டளையில் டிஸ்க்4-க்குப் பதில் ஆர்டிஸ்க்4 கொடுத்தால் இடையில் பஃபர் இல்லாமல் நேரே எழுதும், வேகம் நன்றாகவே கூடும்.

பேக்கப் டிஸ்க் திடீரென ‘/வால்யூம்ஸ்/பேக்கப் 1’ என்று வந்து நிற்கிறதென்றால், ‘பேக்கப்’ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் அங்கே இருக்கிறது. டிஸ்க் இல்லாத நாளில் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அந்தப் பெயரில் ஃபோல்டரை உருவாக்கிக் கோப்புகளை உள் டிஸ்க்கில் போட்டிருக்கும். டிஸ்க்கை எஜெக்ட் செய்து கழற்றுங்கள். /வால்யூம்ஸ் உள்ளே ‘பேக்கப்’ இன்னும் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதில் உள்ளவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, காலி ஃபோல்டரை ‘ஆர்எம்டிர்’ கொடுத்து நீக்குங்கள். ‘ஆர்எம் -ஆர்எஃப்’ வேண்டவே வேண்டாம். டிஸ்க் உண்மையில் கழன்றிராவிட்டால் பேக்கப்பே போய்விடும், ஆர்எம்டிர் காலியாக இல்லாததைத் தொடாது. பிறகு டிஸ்க்கைச் செருகினால் பழைய பெயரிலேயே வரும்.